பவுனில் சீர், ரூபாயில் மஹர்: சிறிய பட்ஜெட் நிக்காஹ் ஏன் கைகூடவில்லை?

2025 ஜனவரி 22 அன்று தமிழகத்தில் ஆபரணத் தங்கத்தின் விலை பவுனுக்கு 60 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. செப்டம்பர் முதல் வாரத்தில் அது 80 ஆயிரத்தைக் கடந்தது. அக்டோபரில் 90 ஆயிரம். டிசம்பர் நடுவில் ஒரு லட்சம். தொலைக்காட்சியில் இது வணிகச் செய்தியாக ஓடி மறைந்தது. திருவண்ணாமலையிலும் அதைச் சுற்றியுள்ள போளூர், ஆரணி, செங்கம், வந்தவாசி பகுதிகளிலும் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்த வீடுகளில் அப்படி மறையவில்லை.

சிறிய பட்ஜெட்டில் கல்யாணம் நடத்துவது எப்படி என்று இன்று எல்லோரும் ஆலோசனை சொல்கிறார்கள். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மண்டபத்தைச் சிறியதாகப் பாருங்கள், பூ அலங்காரத்தைக் குறையுங்கள் என்கிறார்கள். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் நம் சமுதாயத்தில் ஒரு நிக்காஹின் செலவை முடிவு செய்வது பூவும் பத்திரிகையும் அல்ல. பெண் பார்க்கப் போன இடத்தில், தேநீர் குடித்து முடித்த பிறகு, பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொல்லும் ஒரு எண்தான் அதை முடிவு செய்கிறது. "பத்து பவுன் போட்டுடுங்க, வேற ஒண்ணும் வேணாம்." அந்தப் பத்தைத் தொடாமல் மற்ற எதைக் குறைத்தாலும் அது சிறிய பட்ஜெட் ஆகாது.

எடையில் ஏறும் சீர்

அந்தப் பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கேட்பது ரூபாயில் இல்லை, பவுனில். அதாவது எடையில்.

2025 ஜனவரி கடைசியில் பத்து பவுன் பேசி முடித்த ஒரு தகப்பனாருக்கு அன்றைய கணக்கில் சுமார் 6 லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் நிக்காஹ் என்றால், அதே பத்து பவுனுக்கு 10 லட்சம். இதற்கு மேல் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. மாப்பிள்ளை வீட்டார் ஒரு குண்டுமணி கூட அதிகமாகக் கேட்கவில்லை. சொன்ன சொல்லில் அப்படியே நிற்கிறார்கள். ஆனாலும் பெண் வீட்டார் மேல் 4 லட்சம் ரூபாய் கூடுதலாக விழுந்துவிட்டது. ஒரு நாளைக்கு 800 ரூபாய் கூலி வாங்குபவருக்கு அது 500 நாள் உழைப்பு. சாப்பாடு, வாடகை, மருந்து எதுவும் இல்லாமல் முழுக் கூலியையும் எடுத்து வைத்தால்தான் அந்த 500 நாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், யாரும் யாரையும் ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. விலை ஏறினால் சுமை முழுவதும் பெண் வீட்டுக்கு என்று நாமே சம்மதித்து ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு இது. 2024 ஜூலையில் மத்திய அரசு தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது பல வீடுகளில் பெருமூச்சு விட்டார்கள். சில மாதங்களில் விலை அதையும் தாண்டிப் போனது. உலகச் சந்தையில் ஏறும் விலையை எந்தத் தகப்பனாரும் தடுக்க முடியாது. பவுனில் பேசும் வழக்கத்தை மட்டும்தான் நம்மால் தடுக்க முடியும்.

ரூபாயில் உறைந்த மஹர்

இப்போது மறுபக்கம் பாருங்கள். மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மஹர், நிக்காஹ் தஃப்தரில் எதில் எழுதப்படுகிறது? பெரும்பாலும் ரூபாயில். 1,001 என்றும் 5,001 என்றும், கொஞ்சம் தாராளமானவர் என்றால் 10,001 என்றும். முந்தைய தலைமுறைக்கு எழுதிய அதே எண்ணை இன்றைக்கும் எழுதும் வீடுகள் உண்டு.

5,001 ரூபாய் மஹரைத் தங்கத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். பவுன் 60 ஆயிரமாக இருந்தபோது ஒரு கிராம் 7,500. அந்த மஹருக்கு முக்கால் கிராம் தங்கம் கூட வராது. பவுன் 90 ஆயிரமான அக்டோபரில் அரை கிராம் கூட வராது. பெண் வீட்டார் தருவது எடையில் நிற்பதால் விலையோடு ஏறிக்கொண்டே போகிறது. மாப்பிள்ளை தருவது ரூபாயில் நிற்பதால் விலை ஏற ஏறக் கரைந்துகொண்டே போகிறது. ஒரே மேடையில், ஒரே நிமிடத்தில், இரண்டு அளவுகோல்கள்!

அல்லாஹ்வின் வேதம் மஹரை மனமுவந்து கொடுக்க வேண்டிய கொடையாக, ஆண் மீது கடமையாக ஆக்கியிருக்கிறது (அன்னிஸா அத்தியாயத்தின் 4வது வசனம்). பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன தர வேண்டும் என்று ஒரு வசனமும் இல்லை, ஒரு ஹதீஸும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் 500 திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. திர்ஹம் என்பது வெள்ளி நாணயம். 500 திர்ஹம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. அதாவது அந்தக் காலத்தில் பெண்ணுக்கு வந்த மஹர்தான் எடை உள்ள உலோகமாக வந்தது. நாம் அதைத் தலைகீழாக்கி, எடையைப் பெண் வீட்டின் தலையிலும் காகிதத்தைப் பெண்ணின் கையிலும் வைத்திருக்கிறோம்.

வசதியில்லாத மணமகன் என்ன செய்வான் என்று சிலர் கேட்கலாம். அதற்கும் வழிகாட்டல் இருக்கிறது. எதுவுமே இல்லை என்று சொன்ன ஏழைத் தோழரிடம், இரும்பு மோதிரமாவது கிடைக்குமா தேடிப் பாரும் என்று நபி (ஸல்) அவர்கள் அனுப்பியதும், அதுவும் கிடைக்காமல் திரும்பி வந்தபோது அவருக்குத் தெரிந்த குர்ஆன் அத்தியாயங்களையே மஹராக வைத்து மணமுடித்துக் கொடுத்ததும் புகாரியில் பதிவான செய்தி. இயலாதவருக்கு எளிமை. ஆனால் அதை மேற்கோள் காட்டி, பத்து பவுனும் மோட்டார் சைக்கிளும் வாங்கிக்கொள்பவர் 1,001 ரூபாய் மஹர் எழுதுவது எந்த எளிமையிலும் சேராது.

ஒரே மேசையில் இரண்டு காகிதங்கள்

ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் துண்டை விரித்து நிற்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "குமர் காரியம், உதவி செய்யுங்க பாய்." கையில் ஒரு ஜமாஅத்தின் லெட்டர்பேடில் முத்தவல்லி கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதம் இருக்கும். ரமளான் மாதத்தில் இந்தக் கடிதங்கள் ஊர் ஊராகப் போகும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, சென்னை என்று பஸ் ஏறிப் போய் வசூலித்து வருகிறார்கள்.

நாமும் கொடுக்கிறோம். ஸதக்காவாக, சில நேரம் ஜகாத்தாகவே கொடுக்கிறோம். அந்தப் பணம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? நகைக்கடைக்கும், மாப்பிள்ளை வீட்டுக்கும். கொடுக்க வக்கில்லாதவரிடம் கேட்ட வீடு ஒன்று மறுமுனையில் இருக்கிறது என்பதால்தானே அவர் துண்டு விரிக்கிறார்? அந்த வீட்டின் நிக்காஹையும் ஒரு ஜமாஅத்துதான் தஃப்தரில் எழுதுகிறது. வசூலுக்குப் பரிந்துரைக் கடிதமும், நிக்காஹ் தஃப்தரும் ஒரே அலுவலகத்தில், ஒரே மேசையில் இருக்கின்றன. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும் அதே பேனாவால் மற்றொன்றைக் கேள்வி கேட்க முடியாதா?

ஜகாத் பணம் இப்படிச் சுற்றிப் போய்க் கைக்கூலியாக மாறுவதை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்று நம் உலமாக்கள் மிம்பரில் ஏறித் தெளிவாகச் சொல்ல வேண்டிய நேரம் இது.

வசூலிக்க வெட்கப்படுபவர்கள் கடன் வாங்குகிறார்கள். மகளிர் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ், தாயின் பழைய நகைகளை வைத்து அடகுக் கடன். வட்டி ஹராம் என்று தெரிந்தே வாங்குகிறார்கள். கடன் வசூலில் நடக்கும் மிரட்டல்களைத் தடுக்கத் தமிழக அரசு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தக் கடன்களில் கல்யாணக் கடனும் உண்டு என்பது நமக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1961-ம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். அதன் 2வது பிரிவு ஷரீஅத் சட்டத்துக்கு உட்பட்டவர்களின் மஹரை வரதட்சணை அல்ல என்று தெளிவாக விலக்கி வைக்கிறது. 3வது பிரிவின்படி வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். குறைந்தது 5 ஆண்டு சிறை, 15 ஆயிரம் ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். 6வது பிரிவு இன்னும் முக்கியமானது. திருமணத்தின்போது வேறு யார் கையில் அந்தப் பொருள் போய்ச் சேர்ந்திருந்தாலும், மூன்று மாதத்துக்குள் அது பெண்ணிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இதற்குப் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கான 181 உதவி எண்ணும் இருக்கிறது.

2025 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வரதட்சணை மரண வழக்கில் தீர்ப்பளித்தது. 2001-ல் உத்தரப் பிரதேசத்தில் எரித்துக் கொல்லப்பட்டவர் இருபது வயது முஸ்லிம் பெண். கேட்கப்பட்டது ஒரு கலர் டி.வி., ஒரு மோட்டார் சைக்கிள், 15 ஆயிரம் ரூபாய். தீர்ப்பு வர 24 ஆண்டுகள் ஆயின. பெண்ணுக்குப் பாதுகாப்பாக இஸ்லாம் வைத்த மஹர் பெயரளவுக்கு ஆகிவிட்டதையும், அந்த இடத்தில் வரதட்சணை முஸ்லிம் திருமணங்களிலும் நுழைந்துவிட்டதையும் நீதிபதிகள் அதில் சுட்டிக்காட்டினார்கள். நம் மிம்பர்கள் உரத்துச் சொல்ல வேண்டியதை நாட்டின் உச்ச நீதிமன்றம் நமக்குச் சொல்லியிருக்கிறது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை, வெட்கப்பட நிறைய இருக்கிறது.

அரசு உதவியிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 1989-ல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பின்னாளில் 25 ஆயிரம் அல்லது 50 ஆயிரம் ரூபாயுடன் 8 கிராம் தங்கமும் சேர்த்து வழங்கியது. மதம் பாராமல் ஏழைப் பெண்களுக்குக் கிடைத்தது. 2022-ல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக, அதாவது புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது விரிந்தது. கல்யாணத்துக்கு ஒரு பவுன் கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஒரு பவுனைவிட ஒரு பட்டம் அதிக நாள் கூட வரும். விதவைத் தாயின் மகளுக்கான ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவுத் திட்டமும், ஆதரவற்ற பெண்களுக்கான அன்னை தெரசா நினைவுத் திட்டமும் அப்போது நிறுத்தப்படவில்லை. இவற்றுக்கு நிக்காஹுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நாள் நெருங்கிய பிறகு ஓடினால் பயனில்லை. பேச்சு முடிந்த உடனேயே சமூக நல அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

நம் ஊரில் எதைக் குறைக்கலாம்?

பவுனை ஒதுக்கி வைத்துவிட்டால் மீதிச் செலவைக் குறைப்பது கடினமில்லை. திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு தனி வசதியும் உண்டு.

இது கிரிவல ஊர். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். அன்று லாட்ஜில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வாடகை வேறு. கார்த்திகை தீபத்தையொட்டிய நாட்களில் பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடும். வெளியூர் உறவினர்களை அந்த நாளில் அழைப்பது அவர்களுக்கும் சிரமம், நமக்கும் செலவு. நாள் குறிக்கும்போது தினசரிக் காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டுக் குறித்தாலே ஒரு செலவு மிச்சம்.

அதேபோல முகூர்த்த நாட்கள். மாற்று மதச் சகோதரர்கள் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. அந்த மாதங்களில் மண்டபங்கள் காலியாகக் கிடக்கின்றன. சமையல்காரர், பந்தல்காரர், வீடியோக்காரர் எல்லோரும் வேலை தேடும் காலம் அது. ஆடித் தள்ளுபடியில் ஜவுளியும் விலை குறையும். நமக்கோ நல்ல நாள், கெட்ட நாள் என்பதே மார்க்கத்தில் இல்லை. ஷவ்வால் மாதத்தில் மணம் முடிப்பதை அன்றைய அரபுகள் கெட்டதாக நினைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தம்மை மணந்தது ஷவ்வாலில்தான் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னது ஹதீஸில் இருக்கிறது. அப்படியிருக்க, வளர்பிறை முகூர்த்தம் விழுந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, இருப்பதிலேயே அதிக வாடகை கொடுத்து நாம் ஏன் மண்டபம் பிடிக்க வேண்டும்? ஆடி மாதத்து ஒரு வியாழக்கிழமை நமக்குக் குறைந்துவிடுமா?

நிக்காஹைப் பள்ளிவாசலில் நடத்தினால் மண்டபமே அரை நாளுக்குப் போதும். அஸருக்குப் பிறகு பள்ளியில் நிக்காஹ், மஃக்ரிபுக்குப் பிறகு விருந்து என்று வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கவே செய்கின்றன. நிக்காஹுக்குத் தேவை வலீ, இரண்டு சாட்சிகள், ஈஜாப் கபூல், மஹர். இந்த நான்கில் எதற்கும் குளிர்சாதன வசதி தேவையில்லை.

அடுத்து சாப்பாடு. இங்கே எண்ணிக்கைதான் எல்லாம். ஒரு இலைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் பேருக்கு 3 லட்சம், 150 பேருக்கு 45 ஆயிரம். ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டு முதல் பத்து பேருக்கு வரும் என்பது பண்டாரிகளின் கணக்கு. 150 பேருக்கு 15 முதல் 19 கிலோ அரிசி போதும். ஒன்றிரண்டு தேக்சாவில் முடிந்துவிடும். கூடவே கத்திரிக்காய், தயிர் பச்சடி, ஒரு இனிப்பு. வந்தவர் வயிறு நிறைய வேறென்ன வேண்டும்? மட்டன், சிக்கன், மீன், பரோட்டா, நூடுல்ஸ், ஐஸ்கிரீம் என்று அடுக்கி, பாதியை இலையோடு மடித்துக் குப்பையில் போடுவதைத்தான் நாம் கௌரவம் என்கிறோம்.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் மணம் முடித்தது நபி (ஸல்) அவர்களுக்கே முதலில் தெரியாது. அவரது உடையில் இருந்த மஞ்சள் நிற வாசனைப் பொருளின் அடையாளத்தைப் பார்த்து விசாரித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஏன் என்னை அழைக்கவில்லை என்று கேட்கவில்லை. மஹர் எவ்வளவு கொடுத்தீர் என்றுதான் கேட்டார்கள். பிறகு ஒரு ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கச் சொன்னார்கள். இந்த ஒரு நிகழ்ச்சியை நம் வீட்டுக் கல்யாணங்களோடு பொருத்திப் பாருங்கள். பத்திரிகை வைக்கவில்லை என்று பத்து ஆண்டு பேசாமல் இருக்கும் சொந்தங்கள் நம்மில் எத்தனை பேர்! ஆனால் மஹர் எவ்வளவு என்று கேட்பவர் எத்தனை பேர்?

வலீமா என்பது மணமகன் தரும் விருந்து. நம் பகுதியில் பெண் வீட்டார் ஒரு விருந்து, மாப்பிள்ளை வீட்டார் ஒரு விருந்து என்று இரண்டு நடக்கின்றன. அண்மைக் காலத்தில் ஹல்தி, மெஹந்தி, போட்டோ ஷூட் என்று சினிமாவிலிருந்து புதிதாக மூன்று சேர்ந்திருக்கின்றன. பெண் வீட்டு விருந்தை விட்டுவிட்டு, வலீமாவை மட்டும் வைத்தால் செலவு உடனே பாதியாகும். ஜவுளிக்கு வெளியூர் போகவும் வேண்டியதில்லை. ஆரணி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நேரடியாகவே பட்டுப்புடவை எடுக்கலாம்.

தனி வீட்டால் ஏன் முடியவில்லை?

இவ்வளவும் தெரியாதவர்களா நம் மக்கள்? தெரியும். ஆனாலும் ஒரு தனி வீட்டால் முடிவதில்லை. காரணம் எளிது. மூத்தவளுக்கு எட்டு பவுன் போட்டவர் இளையவளுக்கு ஒன்றும் போடாமல் அனுப்பினால் அவளுக்கு அங்கே மரியாதை இருக்காது என்று பயப்படுகிறார். பக்கத்து வீட்டில் 800 பேருக்குச் சாப்பாடு போட்டவர்கள் முன் 100 பேரோடு முடித்துக்கொண்டால், பிள்ளைக்கு ஏதோ குறை என்று பேசுவார்கள் என்று நினைக்கிறார். எல்லோரும் குறைத்தால் தானும் குறைக்கத் தயார். முதல் ஆளாக இருக்கத்தான் தயங்குகிறார். ஆக, தனி ஒருவரின் சிக்கனத்தால் இது தீராது. ஊர் சேர்ந்து எடுக்கும் முடிவால்தான் தீரும்.

அப்படி முடிவெடுத்த ஊர்கள் உண்டு. காஷ்மீரின் காந்தர்பால் மாவட்டத்தில் பாபா வாயில் என்ற கிராமம், வரதட்சணை வாங்குவதில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி நடந்து வருகிறது. பெண் வீட்டார் தங்கம் தருவதில்லை, மஹரும் உடையும் மணமகன் பொறுப்பு. கேரளத்தின் நிலம்பூரில் 2009-ல் ஆர்யாடன் ஷௌக்கத் தலைமையிலான உள்ளாட்சி அமைப்பு, வரதட்சணை இல்லாத ஊராக நிலம்பூரை ஆக்கப் போவதாக அறிவித்து வீடு வீடாக இயக்கம் நடத்தியது. வளைகுடாவில் நம்மவர்கள் வேலை பார்க்கும் ஐக்கிய அரபு அமீரகம், கல்யாணச் செலவால் இளைஞர்கள் கடனாளியாவதைப் பார்த்து 1992-ல் அரசுத் திருமண நிதியையே தொடங்கியது. பணம் கொழிக்கும் நாடே கல்யாணச் செலவுக்கு ஒரு வரம்பு தேவை என்று உணர்ந்திருக்கிறது.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. இந்து சமய அறநிலையத் துறை சில ஆண்டுகளாகக் கோயில்களில் ஏழை இணைகளுக்கு இலவசத் திருமணங்களை நடத்தி வருகிறது. 2024 அக்டோபர் 21 அன்று சென்னை திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலில் முதலமைச்சர் தலைமையில் 31 இணைகளுக்குத் திருமணம் நடந்தது. ஒவ்வொரு இணைக்கும் 4 கிராம் தங்கம், சீர்ப் பொருட்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே அளவு, அதனால் ஒருவரை ஒருவர் மிஞ்ச வேண்டிய போட்டி இல்லை. அந்த ஒரே அளவு என்பதை ஒரு மஹல்லாவும் வைக்க முடியும். அதற்கு அரசோ முதலமைச்சரோ தேவையில்லை. ஜமாஅத் கூட்டம் ஒன்று போதும்.

தமிழகத்தில் வரதட்சணைத் திருமணங்களுக்கு ஒத்துழைப்பதில்லை என்று உறுதியாக நிற்கும் இயக்கங்களும் ஜமாஅத்துகளும் ஏற்கெனவே உண்டு. அவர்களுக்கு வரும் சிக்கல் ஒன்றுதான். இந்தப் பள்ளியில் தஃப்தர் கிடைக்காவிட்டால் அடுத்த தெருப் பள்ளியில் கிடைத்துவிடுகிறது. ஆகவே ஒரு பள்ளி மட்டும் முடிவெடுத்தால் போதாது. ஊரில் உள்ள எல்லாப் பள்ளிவாசல்களின் நிர்வாகிகளும், கொள்கை வேறுபாடுகளை ஒரு மாலை நேரத்துக்கு வெளியே வைத்துவிட்டு, இதற்காக மட்டும் ஒன்றாக உட்கார வேண்டும்.

மஹல்லாக்களுக்கு நாம் முன்வைப்பது

முதலாவது, நிக்காஹ் தஃப்தரில் மஹரை எடையில் எழுதுவோம். இத்தனை கிராம் தங்கம், அல்லது இத்தனை கிராம் வெள்ளி என்று. இயன்றவரை நிக்காஹ் அன்றே பெண்ணின் கையில் கொடுத்துவிடுவோம். மாப்பிள்ளைக்கு ஒரு கிராம்தான் முடியும் என்றால் ஒரு கிராம் எழுதட்டும். அது வருடம் போனாலும் ஒரு கிராமாகவே இருக்கும்.

இரண்டாவது, பெண் வீட்டில் பவுன் பேசும் நிக்காஹுக்குத் தஃப்தர் தருவதில்லை என்று எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து அறிவிப்போம். தகப்பனார் மனமுவந்து மகளுக்கு நகை போட்டால் அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அது இன்னாருடையது என்று பட்டியல் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, பெண்ணிடம் ஒரு பிரதி கொடுப்போம். அவள் நகை அவளுக்கே என்பது அதோடு உறுதியாகிவிடும். மகளுக்குப் போட்ட நகையே அவள் பங்கு என்று சொல்லி வாரிசுரிமையை மறுக்கும் வழக்கமும் இதோடு ஒழிய வேண்டும். நகை அன்பளிப்பு, சொத்தில் பங்கு அல்லாஹ் விதித்த உரிமை. இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாவது, விருந்துக்கு ஒரு எண்ணிக்கையும் ஒரு உணவு வகையும் மஹல்லாவே நிர்ணயிக்கட்டும். அந்த வரம்பு ஏழைக்கு மட்டும் என்றால் அது அவமானம். வசதியானவர் முதலில் கடைப்பிடித்தால்தான் அது ஊர் வழக்கம் ஆகும். பணக்காரர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவே மோசமான உணவு என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆகவே அந்த 150 பேரில் தெருவில் உள்ள ஏழைகளுக்கும் இடம் இருக்க வேண்டும்.

நான்காவது, பள்ளிவாசலின் பைத்துல்மாலில் பாத்திரம், தேக்சா, நாற்காலி, விரிப்பு ஆகியவற்றை வாங்கி வைத்துப் பெயரளவு வாடகைக்குக் கொடுக்கலாம். ஒருமுறை போட்ட முதல் பல ஆண்டுகளுக்கு உதவும். வட்டியில்லாக் கடனுக்கும் ஒரு சிறு நிதி ஒதுக்கலாம்.

ஐந்தாவது, திருமணப் பதிவு. 2009-ம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத்தவரும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். செலவு சில நூறு ரூபாய்தான். பாஸ்போர்ட், விசா, நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் பெண்ணின் ஜீவனாம்சம் எல்லாவற்றுக்கும் அது உதவும். மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கும் தொகையில் நூறில் ஒரு பங்கு கூட இதற்கு ஆகாது. ஆனாலும் பல வீடுகளில் விட்டுப்போவது இதுதான்.

பெரிய கல்யாணங்களால்தான் பந்தல்காரருக்கும் பண்டாரிக்கும் பிழைப்பு, அதைக் கெடுக்கலாமா என்று ஒரு வாதம் வரும். அவர்களுக்கும் மகள்கள் இருக்கிறார்கள். வருடத்தில் பத்து பெரிய கல்யாணத்தில் வேலை செய்து சம்பாதித்ததை, தன் மகள் கல்யாணத்தில் ஒரே நாளில் கொட்டிவிட்டுக் கடனோடு உட்காரும் பண்டாரிக்கும் இந்த மாற்றம் நல்லதுதான். பணம் இல்லாததால் தள்ளிப்போகும் நிக்காஹ்கள் நடக்க ஆரம்பித்தால், சிறியதாக இருந்தாலும் எண்ணிக்கையில் கல்யாணங்கள் கூடும்.

தங்கம் நாளை இறங்கலாம், ஏறலாம். இறங்கும் என்று காத்திருந்து இருபத்தெட்டு, முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் எவரும் பத்து பவுனுக்கு ஆசைப்பட்டுக் காத்திருக்கவில்லை. நாம் வைத்த விலைக்காகக் காத்திருக்கிறார்கள். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் பள்ளிவாசல் பெயின்ட், ஏ.சி., ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் முன்பாக இந்த ஒரு பொருளை எடுத்துப் பேசுங்கள். ஆண் பிள்ளையைப் பெற்றவர்கள் முதலில் எழுந்து, என் மகனுக்குப் பவுன் வேண்டாம், மஹர் இத்தனை கிராம் என்று சொல்லட்டும். முதல் ஆள் சொல்லிவிட்டால் இரண்டாவது ஆளுக்குச் சொல்வது எளிது.

அதற்கான மனத்துணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!